இருபத்து மூன்று முதல் ஆட்கள்

பாஸ்டிக்குக் கிரேவி இருக்கிறதா என்று கேட்ட அந்த நிமிடமே வெஸ் சாரெலாவுக்கு அந்த ஆளைப் பிடிக்காமல் போய்விட்டது. மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுட்ட பாஸ்டியைக் கல்லியோ ஊரில் கெட்சப்போடுதான் சாப்பிடுவார்கள். கிரேவி கேட்கிறவன் ஏரிமேல் போகும் பெரிய பாலத்துக்குத் தெற்கே இருந்து வந்தவன். தெற்கே இருந்து வருகிறவன் எதையாவது எடுத்துக்கொண்டு போகத்தான் வருவான். மரம் எடுத்தார்கள், செம்பு எடுத்தார்கள். இவன் மகள் ரீக்காவை எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறான்.

கிரெக் ஹாலன்பெக் தார்ன்பரி கல்லூரியில் பெண்கள் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளர். பிப்ரவரிப் பனியில் காலையிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். நல்ல நிறம், நல்ல பல், யாரைப் பார்த்தாலும் நெடுநாள் பழகியவர்போல ஒரு தலையசைப்பு. சாரெலா வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, கிரேவி இல்லாத பாஸ்டியையே ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டு முடித்தார். ரீக்காவின் அம்மா டொரீனுக்கு அதிலேயே மனசு இளகிவிட்டது.

“ஒரு விஷயத்த முதல்லயே வெளிப்படையா சொல்லிடறேன்,” என்றார் ஹாலன்பெக். “எங்கள மாதிரி சின்னக் காலேஜ்ல விளையாட்டுக்குன்னு உதவித்தொகை கிடையாது. குடுக்கவே கூடாதுன்னு விதி. அதனால பணத்துக்காக ஆடறவங்க எங்ககிட்ட வர மாட்டாங்க. ஆட்டத்துக்காக ஆடறவங்கதான் வருவாங்க.”

“அப்ப கட்டணத்த யாரு கட்டறது?” என்றார் வெஸ்.

“மார்க்குக்கு ஒரு உதவி இருக்கு, குடும்ப நிலைமைக்கு ஒண்ணு இருக்கு. எல்லாம் சேத்துப் பாத்தா நீங்களே ஆச்சரியப்படுவீங்க.”

“நான் அவ்வளவு சீக்கிரம் ஆச்சரியப்படற ஆள் இல்ல.”

டொரீன் மேசைக்கு அடியில் கணவரின் காலை மிதித்தாள்.

ஹாலன்பெக் அதையெல்லாம் கவனிக்காதவர்போல ரீக்காவின் பக்கம் திரும்பினார். “கூடைக்கு அடியில நிக்க நாலு வருஷமா ஒரு ஆளத் தேடிட்டிருக்கேன். உன் ஆட்டத்த வீடியோவுல பாத்தப்ப என் மனைவிகிட்டச் சொன்னேன், கிடைச்சுட்டா-ன்னு. இந்த வருஷம் நான் கேக்கற முதல் ஆள் நீதான். ரெண்டாவது ஆளே இல்ல.”

ரீக்கா பதிமூன்று வயதிலேயே ஆறடி வளர்ந்துவிட்டவள். பள்ளியில் அவளைக் கொடிக்கம்பம் என்று கூப்பிட்டார்கள். நடனத்துக்கு யாரும் அழைத்ததில்லை. கடையில் கால்சட்டை வாங்கினால் கணுக்காலுக்கு மேல் நிற்கும். பந்து கையில் இருக்கும்போது மட்டும்தான் அந்த உயரத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. உன்னை நாலு வருஷமாகத் தேடினேன் என்று ஒருவர் தன் வீட்டுச் சமையலறையில் வந்து சொல்வார் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து ஊர் அரசுப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் அவளிடம் வேறு மாதிரி பேசியிருந்தாள். “வா, தேர்வுல ஆடிக் காட்டு. எடுப்போம்னு உறுதி சொல்ல முடியாது. உன்னளவு உயரத்துல எங்ககிட்ட அஞ்சு பேர் இருக்காங்க.” உள்ளதை உள்ளபடி சொன்ன அந்தப் பெண்மேல்தான் ரீக்காவுக்கு அப்போது கோபம் வந்தது. ஒரு நல்ல வார்த்தை சொன்னால் என்ன குறைந்தா போய்விடுவாள் என்று நினைத்தாள்.

ஹாலன்பெக்கின் கார் பனியில் மறைந்ததும் வெஸ் தட்டைக் கழுவத் தொட்டியில் வைத்தார்.

“பழைய லாரி விக்கறவன் பேசற பேச்சு. நான் மூணு லாரி வாங்கினவன், எனக்குத் தெரியும்.”

“உங்களுக்கு யாரத்தான்ப்பா பிடிச்சுது?”

“உங்கம்மாவப் பிடிச்சுது.”

“என்னையும் மூணு வருஷம் யோசிச்சுத்தான் பிடிச்சுது இவருக்கு,” என்றாள் டொரீன்.

ரீக்கா தார்ன்பரிக்குப் போவது என்று முடிவாயிற்று. உதவிகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது வெஸ் ஆச்சரியப்படவில்லை. மிச்சத்துக்கு வங்கியில் ரீக்காவின் பேரில் கடன் எழுதினார்கள். டொரீன் பள்ளிச் சமையல் வேலை முடிந்த பிறகு முதியோர் இல்லத்திலும் ஒரு வேளை சமைக்கப் போனாள். ஊர் பெட்ரோல் பங்க்கின் பலகையில் பீர் விலைக்கு மேலே, ‘வாழ்த்துகள் ரீக்கா, தார்ன்பரி கூடைப்பந்து’ என்று எழுதிவைத்தார்கள். கோடை முழுக்க அது அப்படியே இருந்தது.

ஆகஸ்டு கடைசியில் கல்லூரி உடற்பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்தபோது, தான் வேறு கூட்டத்துக்கு வந்துவிட்டோமோ என்று ரீக்காவுக்குச் சந்தேகம் வந்தது. தரை முழுக்கப் பெண்கள். கைப்பந்து ஆடுகிறவர்களும் கலந்து உட்கார்ந்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம், “கூடைப்பந்துக்காரங்க எங்க?” என்று கேட்டாள்.

“எல்லாரும்தான்,” என்றாள் அந்தப் பெண்.

அவள் பெயர் லட்ரீஸ் பானர். இண்டியானாவில் கேரி நகரத்துக்காரி. குள்ளம், வேகம், வாயும் அதே வேகம். விடுதியில் இருவருக்கும் ஒரே அறை என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. அன்றைக்கு முதலாண்டில் மட்டும் கூடைப்பந்துக்கென்று வந்து இறங்கியவர்கள் இருபத்து மூன்று பேர். பழைய ஆட்கள் பதினாலு. ஒரு நேரத்தில் ஐந்து பேர்தான் தரையில் இறங்கி ஆட முடியும்.

முதல் வாரத்தில் ஒரு நாள் விடுதிச் சமையலறையில் ஏழெட்டுப் பேர் நூடுல்ஸ் வேகவைத்துக்கொண்டிருந்தபோது, லட்ரீஸ் மேசைமேல் ஏறி உட்கார்ந்து, ஹாலன்பெக்கைப்போலவே தலையசைத்தாள்.

“ஒரு விஷயத்த முதல்லயே வெளிப்படையா சொல்லிடறேன்...”

பிறகு ஒஹாயோவிலிருந்து வந்த ஒருத்தி அடுத்த வரியைச் சொன்னாள். அதற்கடுத்த வரியை இன்னொருத்தி. கேரியில் லட்ரீஸின் வீட்டில் ஹாலன்பெக் பீச் பழப் பணியாரத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தார். ஒஹாயோப் பண்ணையில் கன்றுக்குட்டியைத் தடவிக்கொடுத்திருந்தார். “என் மனைவிகிட்டச் சொன்னேன், கிடைச்சுட்டா-ன்னு!” என்று எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். “ரெண்டாவது ஆளே இல்ல!”

“பாவம் அந்தப் பொம்பள,” என்றாள் லட்ரீஸ். “இருபத்து மூணு தடவை கேட்டிருக்கணும்.”

சிரித்துச் சிரித்து ஒருத்திக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ரீக்கா சிரிக்கவில்லை. காதுமடல் இரண்டும் சூடாகித் தகித்தன. எழுந்து வெளியே போய், வாசலில் இருட்டும் வரை நின்றாள். அவளுக்கு அவமானமாக இருந்தது, பொய் சொன்னதற்காகக்கூட இல்லை. எல்லா வீட்டிலும் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறான். அவளுக்கென்று ஒரு புதுப் பொய் யோசிக்கும் சிரமத்தைக்கூட அவன் எடுத்துக்கொள்ளவில்லை.

அக்டோபரில் துணைப் பயிற்சியாளர் பெயர்களைப் படித்தார். இரண்டு பிரிவு. முதலில் அணி. அணியில் இல்லாதவர்களுக்கு ‘வளர்ச்சிக் குழு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ரீக்கா, லட்ரீஸ், இன்னும் பதினாலு பேர் அதில்.

“வளர்ச்சின்னா என்ன அர்த்தம்?” என்று ரீக்கா அறையில் வந்து கேட்டாள்.

“வளரணும்னு அர்த்தம். நீ ஏற்கெனவே வளந்துட்ட, வீட்டுக்குப் போ.”

வளர்ச்சிக் குழுவுக்கு ஆட்டம் கிடையாது. சீருடை கிடையாது. விடியற்காலையில் பழைய கூடத்தில் பயிற்சி. மேற்பார்க்க வருகிற பையன் சுவரில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். அணிக்கு ஆட்டம் இருக்கும் நாளில் வளர்ச்சிக்காரிகள் துண்டு எடுத்துக் கொடுக்க வேண்டும், தரையில் வியர்வை சிந்தினால் துடைக்க வேண்டும், முன்வாசலில் பாப்கார்ன் விற்க வேண்டும். இதையெல்லாம் ரீக்கா வீட்டுக்குச் சொல்லவில்லை. பயிற்சி நன்றாகப் போகிறது என்று மட்டும் சொன்னாள். அது பொய்யும் இல்லை.

அதனால்தான் நவம்பரில் சொந்த மைதானத்தில் நடந்த முதல் ஆட்டத்துக்கு வெஸ்ஸும் டொரீனும் சொல்லாமல் கிளம்பி வந்தார்கள். மகளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்பது டொரீனின் யோசனை. முந்தின நாள் மரம் ஏற்றி இறக்கிய களைப்போடு, வெஸ் விடியும் முன்பே எழுந்து வண்டியெடுத்து, பாலம் தாண்டி, நாள் முழுக்க ஓட்டிக்கொண்டு வந்தார். பாப்கார்ன் வரிசையில் நின்றார். வரிசை நகர்ந்து அவர் முறை வந்தபோது, கட்டம்போட்ட ஏப்ரன் கட்டிக்கொண்டு காகிதப் பையும் கையுமாக எதிரே நின்றது ரீக்கா.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் நின்றவர் இருமினார்.

“உன் ஆட்டம் எத்தன மணிக்கு?” என்றார் வெஸ்.

“எனக்கு ஆட்டம் இல்லப்பா.”

“இன்னிக்கா?”

“என்னிக்குமே.”

வெஸ் பையை வாங்கிக்கொண்டார். பணத்தைக் கொடுத்தார். உள்ளே போய் டொரீனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடைசி விசில் வரை ஆட்டத்தைப் பார்த்தார். டொரீன் கை தட்டினாள், வந்த இடத்தில் தட்டாமல் இருந்தால் மரியாதை இல்லை என்று. அவர் பாப்கார்னைத் தொடவில்லை. கூட்டம் கலைந்ததும் முன்வாசலில் போய் நின்றார்.

ஹாலன்பெக் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார். வெஸ்ஸைப் பார்த்ததும் கையை நீட்டினார். “அடடே, வந்தீங்களா! அவ்வளவு தூரத்துலேர்ந்து! ரொம்ப சந்தோஷம்.”

வெஸ் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. “எம்பொண்ணு பாப்கார்ன் விக்கறா.”

“அணியில எல்லாருக்கும் ஒரு பங்கு உண்டு. முதல் வருஷம் கொஞ்சம் பொறுமையா...”

“எங்க வீட்டுல உக்காந்து என்ன சொன்னீங்க?”

“உதவித்தொகை கிடையாதுன்னு சொன்னேன். முதல் வார்த்தையே அதத்தான் சொன்னேன். எதையும் மறைக்கல.”

“ஆமா. அத ரொம்ப அழகாச் சொன்ன,” என்றார் வெஸ். மரியாதை விட்டுப்போனதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. “ஒரு உண்மையக் கொண்டாந்து முன்னால நிறுத்திட்டு, அதுக்குப் பின்னால அத்தனை பொய்யையும் ஒளிச்சு வச்ச. நான் உனக்குச் சோறு போட்டேன்டா.”

நடந்து போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரீக்கா ஏப்ரனோடு ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்தாள். “வாங்கப்பா. வாங்க போலாம்.” அந்த நேரத்தில் அவளுக்கு ஹாலன்பெக்மேல் இருந்த கோபத்தில் பாதி அப்பாமேலும் இருந்தது. ஊரறியத் தன்னை ஏமாளி என்று சொல்லிவிட்டாரே என்று.

வண்டி நிறுத்துமிடத்தில் வெஸ் கதவைத் திறந்து பிடித்தார். “ஏறு. துணிமணி பிறகு வந்து எடுத்துக்கலாம்.”

“நான் வரல.”

“இருந்து என்ன செய்யப் போற? துண்டு மடிக்கவா?”

“நான் ஏன் போகணும்? பொய் சொன்னவன் உள்ள சூடா நிக்கறான். நான் வெளியில பனியில நிக்கறேன். நான் இப்ப போனா என் கட்டிலுக்கு அடுத்த வருஷம் இன்னொருத்தியக் கூட்டிட்டு வருவான். போகட்டும்னா அவன் போகட்டும்.”

வெஸ் வாயைத் திறந்தார். டொரீன் முந்திக்கொண்டாள். “விடுங்க. அப்படியே உங்களத்தான் உரிச்சு வச்சிருக்கா.”

திங்கட்கிழமை ரீக்கா ஹாலன்பெக்கின் அறைக் கதவைத் தட்டினாள். அவர் அவளை உட்காரச் சொன்னார். கோபப்படவில்லை. பெருமூச்சு விட்டு, ஒரு நண்பரிடம் குறை சொல்வதுபோலப் பேசினார். கல்லூரியில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கட்டணம் கட்டுகிற பிள்ளைகள் வேண்டும். ஒவ்வொரு பயிற்சியாளரும் வருஷத்துக்கு இத்தனை பேரைக் கொண்டுவர வேண்டும் என்று சேர்க்கை அலுவலகம் சொல்கிறது. கூடைப்பந்துக்கு இருபது.

“கொண்டு வரலன்னா என் வேலை போயிடும். எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு, ரீக்கா.”

“இத எங்கம்மாகிட்டச் சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா?”

“மாட்டேன்.”

“அதான்,” என்றார் ஹாலன்பெக், இரண்டு கையையும் விரித்து.

அந்த ‘அதான்’ ரீக்காவை விடவில்லை. அதை அவர் நியாயம் என்று நினைத்துச் சொன்னார். ஏமாற்றினால்தான் வருவாய், ஆகையால் ஏமாற்றினேன். இதில் உனக்கு என்ன புரியவில்லை என்பதுபோல. பழைய கூடத்தில் பந்தைச் சுவரில் அடித்த அடியில், போன் பார்க்கும் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“சுவர் என்னடி பண்ணுச்சு உன்ன?” என்றாள் லட்ரீஸ்.

“நாம ஆடணும். ஆட்டம் ஆடணும், எதிர்ல ஆள வச்சு.”

“யாரோட?”

அதற்கு வழியும் லட்ரீஸிடமே இருந்தது. அவளுடைய சித்தி மகள் ஒன்றரை மணி நேரத் தொலைவில் வேறொரு சின்னக் கல்லூரியில் இருந்தாள். அங்கும் இதே கதை. அவர்கள் வைத்திருந்த பெயர்தான் வேறு, ‘எதிர்காலக் குழு’. அந்த எதிர்காலக்காரிகள் ஒன்பது பேர் ஆட்டத்துக்குப் பசித்துக் கிடந்தார்கள்.

தார்ன்பரி ஊரின் நடுவில், ஒருகாலத்தில் படைவீரர்கள் பயிற்சி எடுத்த பழைய படைக்கூடம் ஒன்று இருந்தது. மரத்தரை, இரண்டு பக்கமும் கூடை. சனிக்கிழமைகளில் அங்கே பிங்கோ என்ற எண் விளையாட்டு நடக்கும். ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடக்கும். மேசை நாற்காலிகளை நீங்களே எடுத்து அடுக்கி, நீங்களே திரும்பப் போடுவதானால் ஆடிக்கொள்ளுங்கள் என்றார்கள். விசில் ஊத ஆள் கேட்டபோது, பிங்கோவில் எண் கூப்பிடுகிற டேல் என்பவர் முன்வந்தார். அவருக்குக் கூடைப்பந்து பாதிதான் தெரியும். தவறு என்று விசில் ஊதும்போது பழக்கதோஷத்தில் தவறு செய்தவளின் எண்ணை இரண்டு தடவை இழுத்துக் கூவுவார்.

பழைய டீஷர்ட்களின் முதுகில் லட்ரீஸ் ஒட்டுநாடாவால் ஆளுக்கொரு எண்ணும், அதற்கு மேல் ‘மிச்சம்’ என்றும் ஒட்டினாள். எதிரணிக்காரிகள் பார்த்துவிட்டு அந்த நாடாவைக் கடன் வாங்கித் தங்கள் முதுகிலும் அதையே ஒட்டிக்கொண்டார்கள்.

அன்றைக்கு ரீக்கா ஆடிய ஆட்டம் அழகான ஆட்டம் இல்லை. கூடையில் பட்டுத் திரும்பிய பந்து ஒவ்வொன்றையும் யாரோ தன்னிடமிருந்து திருடியதைப்போல எம்பிப் பறித்தாள். முழங்கை இடித்து ஒருத்தியின் உதடு கிழிந்தது. மன்னிப்புக் கேட்கப் போனவளை அந்தப் பெண் தள்ளிவிட்டு, “அதெல்லாம் வேணாம், ஆடு,” என்றாள். ரத்தத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அவளும் முழங்கையை வீசினாள். ஆடி முடித்தபோது யார் ஜெயித்தார்கள் என்பதில் டேலுக்கே சந்தேகம் இருந்தது. எல்லாரும் தரையில் மல்லாந்து கிடந்து மூச்சு வாங்கினார்கள். ஆகஸ்டுக்குப் பிறகு அன்றுதான் ரீக்காவின் கை ஓய்ந்து கிடந்தது.

செய்தி ஹாலன்பெக்குக்கு எட்டியது. கூப்பிட்டனுப்பினார்.

“அணியில இருந்துக்கிட்டே வெளி ஆட்டம் ஆடினா தகுதி போயிடும். தெரியுமா உனக்கு?”

“எதுக்கான தகுதி?”

ஹாலன்பெக் மேசைமேல் கிடந்த காகிதங்களை அடுக்கினார்.

“பாப்கார்னுக்கா?”

“அத நிறுத்து. இல்லன்னா குழுவ விட்டுப் போ,” என்றார்.

ரீக்கா போனாள். லட்ரீஸும் போனாள். அவர்களோடு பாதிப் பேர் வந்தார்கள். மற்றவர்கள் அடுத்த வருஷம் எப்படியும் எடுப்பார் என்ற நம்பிக்கையில் துண்டு மடித்துக்கொண்டு இருந்துவிட்டார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் அவர்களோடு ஒரே மேசையில் உட்கார ரீக்கா மறுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நின்றுபோகவில்லை. மூன்றாவதாக ஒரு கல்லூரி சேர்ந்தது, பிறகு நான்காவது. தேவாலயம் முடிந்து ஊர்க்காரர்கள் சிலர் நேரே படைக்கூடத்துக்கு வந்து உட்காரத் தொடங்கினார்கள். ஹாலன்பெக் ஒவ்வொரு ஆகஸ்டிலும் புதிதாக ஒரு மந்தையைக் கொண்டுவந்து இறக்கினார். ஒவ்வொரு நவம்பரிலும் அதில் மிஞ்சியவர்கள் படைக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். “நமக்கு ஆள் புடிச்சுக் குடுக்கறதுக்கே அவருக்குச் சம்பளம் குடுக்கறாங்க,” என்பாள் லட்ரீஸ்.

மூன்றாம் ஆண்டு ஜனவரியில் ஒரு ஞாயிறு, ஆட்டத்தின் நடுவே கதவு திறந்து குளிர் உள்ளே வந்தது. கூடவே ஹாலன்பெக்கும் வந்தார். பிங்கோ மேசை அடுக்குக்குப் பக்கத்தில் நல்ல கம்பளிக் கோட்டோடு நின்று, முதல் பாதி முடியும் வரை பார்த்தார். இடைவேளையில் ரீக்காவையும் லட்ரீஸையும் கையசைத்துக் கூப்பிட்டார்.

“நல்லா ஆடற, ரீக்கா.”

“தெரியும்.”

“உயரக்காரிங்க ரெண்டு பேரும் முட்டி போய்ப் படுத்துட்டாங்க. பந்து கொண்டு போறவளுக்குக் கணுக்கால். நாம இப்ப முதல் இடத்துல இருக்கோம், இன்னும் ஆறு ஆட்டம் பாக்கி. நீங்க ரெண்டு பேரும் வந்தா நாளைக்கே சீருடை தரேன்.”

“தகுதி போயிடும்னீங்களே?”

“அதெல்லாம் நான் பேசிச் சரி பண்ணிடுவேன்.”

அப்படியானால் தகுதி போய்விடும் என்றதும் பொய்தான். ரீக்கா கையிலிருந்த பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். “இந்தத் தடவையும் முதல் ஆள் நான்தானா?”

“என்னது?”

“ரெண்டாவது ஆளே இல்லையா?”

ஹாலன்பெக் லட்ரீஸைப் பார்த்தார், திரும்ப ரீக்காவைப் பார்த்தார். அவர் நடிக்கவில்லை. அவருக்கு உண்மையாகவே நினைவில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் திசை திருப்பிவிட்ட வாக்கியம் அது. மூன்று வருஷமாக அவள் தூக்கத்திலும் அதோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். சொன்ன ஆளுக்கு அது வாயில் போட்டு மென்று துப்பிய சூயிங்கம்.

“வெளிய போங்க,” என்றாள் ரீக்கா. “கதவச் சாத்திட்டுப் போங்க. குளிருது.”

ஹாலன்பெக் லட்ரீஸிடம் திரும்பினார். லட்ரீஸ் ஷூவின் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “யோசிச்சுச் சொல்றேன், கோச்,” என்றாள்.

அன்று அறையில் நடந்த சண்டையில் பக்கத்து அறைக்காரிகள் சுவரைத் தட்டினார்கள்.

“அவன் உன்ன ஏமாத்தினான்டி!”

“ஏமாத்தினான். இல்லன்னு யாரு சொன்னா? அதுக்காக அந்தத் தரைய அவனுக்கே எழுதி வச்சுடணுமா? அது என்ன அவன் அப்பன் வீட்டுத் தரையா?”

“நீ போனா அவன் ஜெயிச்சுட்டான்னு அர்த்தம்.”

“நீ போகலன்னா அவனுக்கு என்ன ஆகும்? ஒரு ஆட்டம் தோப்பான், அவ்வளவுதான். உனக்குத்தான் ஆறு ஆட்டம் போகும். நான் இங்க ஆட வந்தேன், ரீக்கா. கோவப்பட வரல.”

“போ. போய் அவனுக்குத் துண்டு எடுத்துக் குடு.”

லட்ரீஸ் தலையணையை எடுத்துக்கொண்டு வேறொருத்தியின் அறைக்குத் தூங்கப் போனாள்.

ஆறு ஆட்டமும் லட்ரீஸ் ஆடினாள். நான்காவது ஆட்டத்தில் கடைசி நொடிகளில் கிடைத்த இரண்டு தனி வீச்சையும் கூடைக்குள் போட்டு ஜெயிக்க வைத்தாள். நூலகத்தில் உட்கார்ந்திருந்த ரீக்காவுக்கு அந்த ஆரவாரம் கேட்டது. எதற்கு என்று எதிரே உட்கார்ந்திருந்தவனிடம் அவள் கேட்கவில்லை. மறுநாள் வேறு யாரோ சொன்னபோது நெஞ்சுக்குள் ஏதோ துள்ளியது. அதற்காகவும் தன்மேலேயே எரிச்சல் பட்டாள். லட்ரீஸ் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் டேலின் குரல்தான் அதிகம் கேட்டது. வசந்தம் வந்து பனி உருகிய பிறகுதான் லட்ரீஸ் தலையணையோடு அறைக்குத் திரும்பினாள். இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஹாலன்பெக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆள் சேர்ப்பதில் அவருக்கிருந்த கைராசியைப் பார்த்து, அடுத்த ஆண்டே அவரைச் சேர்க்கை அலுவலகத்துக்குத் தலைவராக்கினார்கள். எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் எத்தனை பேர் என்று சொல்கிற நாற்காலியில் இப்போது அவரே உட்கார்ந்தார்.

ரீக்கா பட்டம் வாங்கிக்கொண்டு கல்லியோவுக்குத் திரும்பினாள். மாவட்டச் சாலைத் துறையில் வேலை. கோடையில் சாலை அளக்கிறாள், குளிர்காலத்தில் பனி தள்ளும் வண்டிகளை எங்கே எப்போது அனுப்புவதென்று முடிவு செய்கிறாள். கல்லூரிக் கடன் இன்னும் முடியவில்லை. லட்ரீஸ் கேரியில் ஒரு பள்ளி அணிக்குப் பயிற்சியாளர். குளிர்காலத்தில் பனிப்புயல் செய்தி பார்க்கும்போதெல்லாம் போன் செய்வாள். உயிரோடு இருக்கியா என்று ஆரம்பிப்பாள். பத்து நிமிஷத்தில் பேச்சு எப்படியோ அந்த ஜனவரிக்கு வந்துவிடும்.

“ஆறு ஆட்டம்டி. இப்பவாவது ஒத்துக்க. ஒரு நாளாவது வருத்தப்பட்டிருப்ப.”

“படல.”

“பொய்.”

போன குளிர்காலத்தில் ஒரு தடவை லட்ரீஸ் வேறு மாதிரி கேட்டாள். “சரி, அது கிடக்கட்டும். அன்னிக்கு அந்த ஆளு படைக்கூடத்துல வந்து நின்னப்ப, நான் சொன்னது தப்பு, மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போயிருப்பியா?”

ரீக்கா அலுவலக ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். பனி தள்ளும் வண்டி ஒன்று விளக்கு சுழலச் சுழலத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

“ஓடிப் போயிருப்பேன்,” என்றாள். “செருப்புக்கூடப் போடாம ஓடிப் போயிருப்பேன். ஒரு வார்த்தடி. அவனுக்கு அது காசா பணமா?”

குரல் உயர்ந்துவிட்டதைக் கேட்டு அலுவலகத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.